இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்

கடையில் எல்லோரும் அவரை பேலன்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் கனம் கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்று பார்த்து, விளிம்பில் விரல்நுனி அளவு எடைத் துண்டை ஒட்டி விடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மெஷின், அதே மூலை. நட்டு கழற்றும் ஏர் கன் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. குனிந்து நிமிர்ந்து முதுகு போனது தனிக் கதை. "எனக்கு ரெண்டு ரிப்பேர் இருக்கு, ஸ்பேர்தான் கிடைக்கல" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். மற்றபடி அதிகம் பேசாதவர். பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும்.

கடை முதலாளி நல்ல மனிதர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. சம்பளம் தேதி தவறாது. கோபம் வந்தால் கத்துவார், மறுநாள் மறந்துவிடுவார். கடையின் நீளச் சுவர் முழுக்க அலாய் வீல்களை வரிசையாக மாட்டி வைத்திருப்பார். கறுப்பு, வெள்ளி, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது. வண்டி வாங்கிய புதிதில் வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிடுவார்கள். இரண்டு வருடமாக நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், போனில் படம் எடுப்பார்கள், விலை கேட்பார்கள், "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று போய்விடுவார்கள். நாலு நாள் கழித்து அட்டைப் பெட்டிகளோடு வந்து, "மாட்டிக் குடுங்க, போதும்" என்பார்கள்.

பேலன்ஸின் மனைவிக்கு ஒரு தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் வேலை. அக்கா என்றால் உயிர், அத்தோடு பிடிவாதமும் உயிர். ஐந்து வருடம் ஓடிய ஒரு சின்னக் கார் வாங்கினான். வாங்கிய மறுவாரமே கடைக்கு வந்து சுவரின் முன்னால் நின்றான். முதலாளி விலை சொன்னார். தலையாட்டினான். அன்றே வீட்டுக்குப் போய் போனில் அதே மாதிரி ஒரு செட்டைத் தேடிப் பிடித்துவிட்டான், மூன்றில் ஒரு பங்கு விலை குறைவாக.

அவன் குடியிருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது, பகலில் வீட்டில் ஆளும் கிடையாது. அதனால் அக்கா வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டான். ஒரு புதன்கிழமை பெட்டிகள் நாலும் வந்து முன்னறையில் இறங்கின. ஞாயிற்றுக்கிழமை வரை அவை அங்கேயே கிடந்தன. மனைவி இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மடித்த துணிகளை அதன்மேல் அடுக்கினாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த மகள் இன்னொரு பெட்டியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். பேலன்ஸ் வேலை முடிந்து வந்து அந்தப் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு குளியலறைக்குப் போனார். நாள் முழுக்கச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால் வீட்டிலும் சக்கரம். பிரித்துப் பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து பெட்டியைப் பிரித்தான். பளபளவென்று அழகான வீல்தான், குறை சொல்ல முடியாது. பேலன்ஸ் ஒன்றைத் தூக்கிப் பின்பக்கம் திருப்பினார். ஆரக்காலின் உட்புறத்தில் அச்சிட்டிருந்த எண்ணைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"மாப்ள, இது தொண்ணூத்தெட்டு."

"அப்படின்னா?"

"எதிரெதிரா இருக்கற ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல இருக்கற தூரம். உன் வண்டிக்கு நூறு வேணும்."

"ரெண்டு மில்லிமீட்டர் தானே மாமா?"

"ரெண்டு மில்லிமீட்டர்தான்."

"உள்ள போகுமா போகாதா?"

அங்கேதான் சிக்கல். போகும். நட்டை வைத்து அழுத்தி இறுக்கினால் வளைந்து கொடுத்துப் போய்விடும். பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் நட்டு ஒரு பக்கம் மட்டும் உட்காரும், மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும். ஓட ஓடத் தளரும், போல்ட் களைத்துப்போகும், ஒரு நாள் முறியும். இதை அவர் தன் வழக்கப்படி மெல்லிய குரலில், பாதி வாக்கியங்களில் சொன்னார்.

"அதுல தெளிவா என் வண்டி பேரு போட்டிருந்துச்சே" என்று மச்சான் போனை எடுத்தான். தள்ளித் தள்ளிப் பார்த்தான். வண்டியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், வாங்குமுன் அளவைச் சரிபார்த்துக்கொள்ளவும் என்ற வரியும், அந்த அளவும் இருந்தன. அவன் முகம் சுருங்கியது.

"திருப்பி அனுப்பிடு. ஏழு நாள் டயம் இருக்குல்ல?"

"நாலு நாள் போயிடுச்சு. பெட்டியும் பிரிச்சாச்சு. அங்க பேசறதுக்கு மனுஷனே கிடையாது மாமா, எதைக் கேட்டாலும் ஒரு மெஷின் பதில் சொல்லுது." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "தப்பா நினைக்காதீங்க. உங்க கடையில வாங்கியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுல்ல?"

பேலன்ஸுக்குச் சுருக்கென்றது. "அதுக்காகச் சொல்லல."

"உங்க முதலாளி மட்டும் என்ன, ரொம்ப ஒழுங்கோ?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில்தான் அவர் வாயை அடைத்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருவர் காற்று இறங்குகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். அவர்கள் கடைச் சுவரிலிருந்தே வாங்கிப்போன வீல். பேலன்ஸ் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார். குமிழ் டயர் ஓரத்திலிருந்து வரவில்லை, உலோகத்திலிருந்து வந்தது. தலைமுடி அளவு விரிசல். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் எவ்வளவு கனம் தாங்கும் என்ற எண்ணே இல்லை, மொட்டையாக இருந்தது. முதலாளி வாடிக்கையாளரிடம் ஏதோ பள்ளத்தில் விழுந்திருக்கும் என்று சொல்லி, வேறொன்று மாற்றிக் கொடுத்து அனுப்பினார். பிறகு பேலன்ஸின் தோளில் கை வைத்து, "இத வெளியில பேசிட்டு இருக்காதீங்க" என்றார். அவர் பேசவில்லை. அதன் பிறகும் அந்தச் சுவரிலிருந்து எத்தனையோ வண்டிக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

அதனால் மச்சானிடம், "நான் மாட்ட மாட்டேன்ப்பா. திருப்பி அனுப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

மச்சான் வீலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். "சரி மாமா, அனுப்பிடறேன்" என்றான். அன்று மாலையே ஒரு நண்பனின் வண்டியில் நாலு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனான். முன்னறை காலியானது. விட்டது தொல்லை என்று பேலன்ஸ் காலை நீட்டிப் படுத்தார்.

மூன்று வாரம் கழித்து மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஊர் இரண்டு மணி நேரத் தூரம். சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் நேரில் போய் விடுதியில் அறை எடுக்க வேண்டும். சனிக்கிழமைதான் கடையில் கூட்டம் அலைமோதும் நாள். லீவு கேட்டார், முதலாளி உச்சுக்கொட்டினார். தம்பி வண்டியிலேயே போய்விட்டு வந்துவிடுகிறோம் என்றாள் மனைவி. அவர் காலையில் கடைக்குக் கிளம்பிய பிறகுதான் வண்டி வீட்டுக்கு வந்தது.

பத்தரை மணிக்குப் போன் அடித்தது. வலது காதில் வைத்தார்.

"என்னங்க, வண்டி ஒரு மாதிரி ஆடுது. முன்னாடி கிலுகிலுன்னு சத்தம் வேற. இவன் ஒண்ணும் இல்லங்கறான். எனக்குத்தான் மனசு கேக்கல."

"எப்ப இருந்து?"

"கொஞ்ச நேரமா. புது வீல், பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொல்றான்."

"எந்த வீல்?"

"எந்த வீலா? நீங்க மாட்டிக் குடுத்ததுதான். நீங்கதான் கடையில வச்சு மாட்டிக் குடுத்தீங்கன்னு சொன்னான். அத நம்பித்தானே நான் புள்ளைய ஏத்திக்கிட்டு வந்தேன்?"

"ஓரமா நிறுத்தச் சொல்லு. இப்பவே."

போன் கை மாறியது. "மாமா, பதட்டப்படாதீங்க. பக்கத்து ஊரு பத்து கிலோமீட்டர்தான். மெதுவா ஓட்டிட்டுப் போயிடறேன், அங்க யார்கிட்டயாவது காட்டி..."

"வண்டிய நிறுத்துடா!"

ஏர் கன் நின்றது. கல்லாவில் இருந்த முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை. அவருக்கே அது யாரோ கத்தியது போலிருந்தது.

"எறங்கு. அவங்க ரெண்டு பேரையும் எறக்கு. சாவிய அக்காகிட்ட குடு. நான் வரேன்."

முதலாளியிடம் விஷயத்தை நாலே வார்த்தையில் சொன்னார். மச்சான் தன் வண்டியின் பழைய இரும்பு வீல்களைப் போன் வழியாகவே யாருக்கோ விற்றுவிட்டான் என்பதும் இரண்டாவது முறை பேசியபோது தெரிய வந்திருந்தது. ஆக வண்டிக்கு மாட்ட வீலே இல்லை. முதலாளி யோசிக்கவே இல்லை. கடையின் மினி வேன் சாவியைத் தூக்கிக் கொடுத்தார். "சுவர்ல இருந்து ஒரு செட்ட எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டு ஆளுக்கு இல்லாததா? எது பிடிக்குதோ எடுங்க."

மனதாரத்தான் சொன்னார். பேலன்ஸ் சுவரை ஒரு தரம் பார்த்தார்.

"வேணாம்ண்ணே" என்றார். கடைக்குப் பின்னால் போனார். அலாய் மாட்டிக்கொண்டவர்கள் விட்டுப்போன இரும்பு வீல்கள் அங்கே குவிந்து கிடந்தன. துருவும் தூசியுமாக இருந்த குவியலிலிருந்து நூறு அளவுள்ள நாலு வீல்களைப் பொறுக்கினார். வளைவு இருக்கிறதா என்று தரையில் உருட்டிப் பார்த்தார். நல்ல நிலையில் இருந்த பழைய டயர்களை ஏற்றி, காற்றடித்து, ஒவ்வொன்றையும் மெஷினில் சுற்றவிட்டார். எவ்வளவு அவசரம் இருந்தாலும் அந்த வேலையை மட்டும் அவசரமாகச் செய்ய அவருக்குத் தெரியாது. முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். சுவரில் நாற்பது வீல் தொங்க, குப்பையிலிருந்து இந்த ஆள் ஏன் பொறுக்குகிறார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது.

வழிநெடுக வேனின் முன் கண்ணாடியில் வெயில் கொட்டியது. பேலன்ஸ் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார். பேருந்து நிற்காமல் போகும் ஒரு பழைய நிழற்குடையில் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கல்லூரிக் காகிதங்களை மடியில் வைத்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் அமுக்கியிருந்தாள். சற்றுத் தள்ளி வண்டி. அதன் பக்கத்தில் மச்சான், வேர்வையில் சட்டை ஒட்டிப்போய் நின்றான்.

பேலன்ஸ் வேனை நிறுத்தி இறங்கினார். முன் இடதுபக்கச் சக்கரத்தின் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். நாலு நட்டில் ஒன்றைக் காணோம். அடுத்ததைத் தொட்டார், முறிந்த போல்ட்டின் துண்டோடு கையிலேயே வந்துவிட்டது. மீதி இரண்டையும் விரலாலேயே திருக முடிந்தது. வீலின் துளைகள் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் பத்து கிலோமீட்டர் என்றானே!

மனைவி எழுந்து வந்து பார்த்தாள். அவளுக்கு நட்டும் தெரியாது, போல்ட்டும் தெரியாது. ஆனால் கையோடு வந்த இரும்புத் துண்டு எதற்கு அடையாளம் என்பது யாருக்கும் தெரியும். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமாதான் மாட்டினாருன்னு ஏன்டா சொன்ன?"

"இல்லக்கா... வேற கடையில மாட்டினவன் சரியா டைட் பண்ணாம..."

"நான் அதக் கேக்கல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்படிச் சொல்லலன்னா நீ ஏற மாட்டக்கா" என்றான் கடைசியில்.

அவள் திரும்பிப்போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடிப்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தவனுக்கு அது தாங்கவில்லை.

முறிந்த போல்ட்டைச் சுத்தியலால் தட்டி வெளியே எடுத்து, கடையிலிருந்து எடுத்து வந்திருந்த புதியதை இழுத்து உட்கார வைக்க ஒரு மணி நேரம் ஆனது. நாலு சக்கரமும் மாற்ற இன்னொரு அரை மணி. மச்சான் ஜாக்கியைப் பிடித்தான், கேட்டதை எடுத்துக் கொடுத்தான். கடைசிச் சக்கரத்தை இறுக்கும்போது மெல்லக் கேட்டான்.

"மாமா, உங்க கடையிலிருந்தே ஒரு செட் எடுத்துட்டு வந்திருக்கலாமே? நான் விலை குடுத்திருப்பேன்."

பேலன்ஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தார். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை, மனைவியிடம்கூடச் சொல்லாததை, சாலையோரத்தில் இவனிடம் சொன்னார். விரிசல், குமிழ், மொட்டையாக இருந்த பின்பக்கம், தோளில் விழுந்த கை, எல்லாம். "அன்னிக்கு நீ கேட்டல்ல, எங்க முதலாளி ரொம்ப ஒழுங்கான்னு. ஆமான்னு சொல்ல என்னால முடியல. முடிஞ்சிருந்தா உன்ன இன்னும் அழுத்திப் பிடிச்சிருப்பேன்."

"அப்ப எங்கதான் மாமா வாங்கறது?" அவன் குரலில் நக்கல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

"எங்க வேணா வாங்கு. உன் போன்ல போட்டிருந்த அளவு பொய் இல்ல, நீதான் படிக்கல. எங்க சுவர்ல அளவு சரியா இருக்கும், கனம் தாங்குமான்னு தெரியாது. எங்க வாங்கினாலும் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தப் படி. படிக்கத் தெரியலன்னா தெரிஞ்சவன்கிட்ட காட்டு. அவன் வேணாம்னு சொன்னா கேளு."

மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கல்லூரிக்குப் போன் செய்தார்கள். அலுவலகம் மூடிவிட்டது, திங்கட்கிழமை வாருங்கள், அறை இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். மகள் அழவில்லை. "சரிப்பா, விடுங்க" என்று காகிதங்களைப் பைக்குள் வைத்தாள். திரும்பும்போது மனைவியும் மகளும் வேனில் அவரோடு ஏறிக்கொண்டார்கள். மச்சான் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு முன்னால் போனான், வேன் பின்னால் போனது. வழியில் மனைவி கேட்டாள்.

"இப்படி ஆகும்னு அன்னிக்கே அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே."

"சத்தமாச் சொல்லல" என்றாள் அவள்.

திங்கட்கிழமை அவர் லீவு கேட்கவில்லை, எடுத்தார். மகளோடு பேருந்தில் போனார். மூன்று பேர் தங்கும் அறையில் மூன்றாவது கட்டில் கிடைத்தது, ஜன்னல் இல்லாத பக்கம். பரவாயில்லை என்றாள் மகள்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனதும் நேராகக் கல்லாவுக்கு முன்னால் நின்றார். "அண்ணே, பின்னாடி நம்பர் இல்லாத வீல இனிமே நான் மாட்ட மாட்டேன்." மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் முழு வாக்கியமாகச் சொன்னார்.

முதலாளி பேனாவை மூடினார், திறந்தார். "அப்ப யாரு மாட்டுவா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. நான் மாட்ட மாட்டேன்."

அன்று முழுக்க முதலாளி அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சுவரில் இருந்தவற்றை இன்னொரு ஃபிட்டர் மாட்டிக் கொடுத்தார், அவற்றை பேலன்ஸ் தொடவில்லை. கதையில் வருவதுபோல் முதலாளி மனம் திருந்தி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடவில்லை. போட்ட முதலை எறிய யாருக்கு மனம் வரும்? ஆனால் விற்றுத் தீர்ந்த இடங்களில் அதே சரக்கை மறுபடி வாங்கி மாட்டவும் இல்லை. சுவரில் அங்கங்கே ஆணி மட்டும் நின்றது. இரண்டு மாதம் கழித்து வேறு ஒரு கம்பெனியிலிருந்து பெட்டி வந்தபோது, பிரித்துவிட்டு மூலையைப் பார்த்து, "இங்க வந்து பின்பக்கத்தப் பாருங்க" என்று மட்டும் குரல் கொடுத்தார். பேலன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். எண்கள் எல்லாம் இருந்தன. "சரியா இருக்குண்ணே" என்றார்.

இப்போது அவருக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், வாங்குவதற்கு முன்னாலேயே அவரிடம் காட்டுகிறார்கள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பொடி எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி, அளவைப் படித்து, சரி என்கிறார், இல்லை வேண்டாம் என்கிறார். இதற்குத் தனியாகக் கூலி கிடையாது. முதலாளி தூரத்திலிருந்து முறைப்பார், பிறகு எப்படியும் மாட்டுவதற்கு இங்கேதானே வரப்போகிறார்கள் என்று விட்டுவிடுவார். முதல் ஆளை அனுப்பி வைத்தது மச்சான்தான். அவன் அலுவலகத்தில் யார் எதை வாங்கினாலும், "எங்க மாமாகிட்ட காட்டிட்டு வாங்கு" என்கிறானாம். அவன் வண்டி மட்டும் இன்னும் அந்தத் துருப்பிடித்த இரும்பு வீல்களிலேயே ஓடுகிறது.

முதுகு வலி குறையவில்லை. சனிக்கிழமைகளில் கூட்டமும் குறையவில்லை. போன சனிக்கிழமை ஒருவர் போனை நீட்டியபோது அவர் ஒரு டயர்மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"தூங்கறீங்களாண்ணே? அப்புறமா வரட்டுமா?"

"இல்ல, சும்மா உக்காந்திருந்தேன்" என்று அவர் கையை ஊன்றி எழுந்தார். "காட்டுங்க."